உரசிய அலாய் வீல்: டச்-அப், பவுடர் கோட்டிங், டைமண்ட் கட், புது வீல் – எதற்கு எது?

வண்டியை ஓரம் கட்டும்போது 'கர்ர்ரக்' என்று ஒரு சத்தம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் அது மட்டும் தனியாகக் காதில் விழும். இறங்கிப் பார்த்தால் வீலின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் போய், உள்ளே அலுமினியம் பல்லிளிக்கும். அன்று இரவே ஆரம்பிக்கும் குழப்பம்: அந்த இடத்தை மட்டும் சரிசெய்யும் டச்-அப் போதுமா, நான்கையும் கழற்றி பவுடர் கோட்டிங் போடுவதா, லேத்தில் கொடுத்துப் பழைய பளபளப்பைக் கொண்டுவருவதா, தலையைச் சுற்றி எறிந்துவிட்டுப் புது வீல் வாங்குவதா?

இப்படிக் கேட்கிறவர்கள் எல்லாருமே வீலின் முகத்தைத்தான் படம் எடுத்து அனுப்புகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முதுகுப் பக்கம் பார்த்தீர்களா?

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் காயத்தின் ஆழம். நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கோடு மேலே உள்ள லாக்கரோடு, அதாவது நிறமில்லாத மேல்பூச்சோடு, நின்றுவிட்டது. நகம் தட்டி நின்றால் லாக்கரைத் தாண்டிவிட்டது, உலோகம் வரைகூடப் போயிருக்கலாம். விளிம்பு வளைந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ அது வேறு கணக்கு. அங்கே அழகைப் பற்றிய பேச்சு பிறகுதான்.

அடுத்து, வீலின் மேல் இருக்கும் பூச்சு என்ன வகை. இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டறைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முழுக்க ஒரே நிறமாக, சில்வரோ கறுப்போ இருந்தால் அது சாதாரண பெயின்ட் வீல். முகப்பு மட்டும் கண்ணாடி மாதிரி மின்னி, பள்ளங்களில் வேறு நிறம் இருந்தால் டைமண்ட் கட். சந்தேகமாக இருந்தால் வெயிலில் சாய்த்துப் பாருங்கள்; பழைய இசைத்தட்டில் இருப்பது போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்தால் அது லேத்தில் கடைந்த முகம். பாத்திரக்கடை எவர்சில்வர் போல முகம் பார்க்கும் அளவுக்கு மின்னினால் குரோம் முலாம். குரோம் உரிய ஆரம்பித்துவிட்டால் அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் நிலைக்காது. முலாம் முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அதற்கென்றே இருக்கும் இடத்தில் கொடுக்க முடியாவிட்டால் வீலை மாற்றுவதே மேல். குரோம் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

மூன்றாவது, உலோகத்துக்கு என்ன ஆகும். இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. பெரும்பாலான அலாய் வீல்கள் ஏ356 போன்ற அலுமினியம்-சிலிகான் கலவையில் வார்க்கப்பட்டவை. வார்த்த பிறகு அவற்றை ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்து வலுவேற்றுகிறார்கள். டி6 என்று சொல்வது இந்தப் பக்குவத்தைத்தான். வீலின் வலுவில் பெரும்பங்கு இந்தச் சமையலில் இருந்து வருகிறது. ஆகவே அதை மறுபடி சூடாக்குகிற, அடித்து நிமிர்த்துகிற, சீவுகிற எந்த வேலையும் அந்தப் பக்குவத்தில் கைவைப்பதுதான். எவ்வளவு கைவைக்கிறோம் என்பதே கேள்வி.

பிறகு காலக் கணக்கு. வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், அது எத்தனை நாள் வீல் இல்லாமல் முட்டுக்கொடுத்து நிற்கலாம்? உங்களிடம் ஒரு ஸ்டெப்னிதான் இருக்கும். நான்கு வீலையும் ஒன்றாகக் கொடுத்தால் வண்டி நகராது.

கடைசியாக, விலைப்பட்டியலில் வராத செலவுகள். டச்-அப்பைத் தவிர மற்ற எல்லா வழியிலும் டயரைக் கழற்றி மாட்ட வேண்டும், வால்வு மாற்ற வேண்டும், பேலன்ஸிங் செய்ய வேண்டும். காற்றழுத்த சென்சார் உள்ள வண்டி என்றால் டயர் கழற்றும் இரும்பு அதன் தலையில் பட்டு உடையலாம். உடைந்தால் அதுவும் உங்கள் தலையில். இதனால்தான் நான் எல்லாரிடமும் சொல்வது, டயர் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் அதுவரை பொறுங்கள். டயர் எப்படியும் கழன்று வரும் நாளில் வீல் வேலையையும் முடித்தால் பாதித் தலைவலி இல்லை.

## முதலில் முதுகு

வீலைக் கழற்றித் தரையில் குப்புறப் போடுங்கள். உள் விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, பிரேக் தூசி போன பிறகு டார்ச் அடித்து ஒரு சுற்று பாருங்கள். பள்ளத்தில் இறங்கிய அடி பெரும்பாலும் உள்பக்க விளிம்பில்தான் பதிகிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஸ்போக்கின் தாங்கல் இல்லை. முகம் பளிச்சென்று இருக்கும் வீலின் முதுகில் தலைமுடி போன்ற விரிசல் இருப்பதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை அந்தச் சக்கரத்தில் மட்டும் காற்று குறைந்தால், பஞ்சர் கடையில் ஆணி கிடைக்காவிட்டால், சந்தேகம் இங்கே போகட்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

வளைவைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டியதில்லை. ஜாக்கியில் தூக்கி, விளிம்புக்கு அருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். பென்சிலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி குறைந்து கூடினால் ரிம் பெண்டு.

லேசான பெண்டை ஹைட்ராலிக் மெஷினில் எடுக்கலாம். அலுமினியம் இரும்பு மாதிரி இழுத்த இழுப்புக்கு வராது. பெரிய பெண்டை எடுக்கும்போதே விரிசல் விடுவதும் உண்டு. எனவே பெண்டு எடுத்த பிறகு விரிசல் காட்டும் சாயம் தடவிச் சோதித்துத் தரும் இடத்தில் மட்டும் கொடுங்கள். ஆர்கான் வெல்டிங் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. வெல்டு வைத்த இடத்தைச் சுற்றி அந்த டி6 பக்குவம் போய்விடுகிறது; பார்வைக்கு ஒட்டியிருக்கும், வலு பழையபடி இருக்காது. உள் விளிம்பில் சின்ன விரிசலை அடைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்போக்கிலோ, நட்டு உட்காரும் நடுப்பகுதியிலோ விரிசல் என்றால் அந்த வீல் பழைய இரும்புக் கடைக்குத்தான். பெயின்ட் அடித்து அதை மறைப்பது குற்றம்.

முதுகு சுத்தம் என்றால் மட்டும் அடுத்த மூன்று வழிகளைப் படியுங்கள். விரிசலோ பெரிய பெண்டோ இருந்தால் நேராக வழி 4.

## வழி 1: காயத்தை மட்டும் ஆற்றுவது

வீல் வண்டியிலேயே இருக்கும். உரசிய இடத்தை 180 அல்லது 240 எண் உப்புத்தாளால் தேய்த்துப் பிசிறுகளை எடுப்பார்கள். பள்ளத்தில் உலோகத்துகள் கலந்த பட்டி. காய்ந்ததும் 400, பிறகு தண்ணீர் தொட்டு 800. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் பட்டி எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் பெயின்ட் அடித்த பிறகு இரண்டு மடங்காகத் தெரியும். அதன் மேல் பிரைமர், நிறம், லாக்கர். சில மணி நேரத்தில் முடிகிற வேலை, கை பழகியவர்கள் வீட்டிலேயே செய்யலாம்.

பெயின்ட் வீலில் ஒன்றிரண்டு உரசல் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வண்டியை விற்கப் போகிறவர்களுக்கும், மறுபடியும் அதே குறுகலான இடத்தில்தான் நிறுத்தப் போகிறோம் என்று தெரிந்தவர்களுக்கும் இதுதான் புத்திசாலித்தனம்.

இதன் குறை நிறத்தில் இருக்கிறது. சில்வரில் கலந்திருக்கும் உலோகத் துகள்கள் எந்தக் கோணத்தில் படிந்தனவோ அதற்கேற்ப ஒளியைத் திருப்பும். ஒரே எண்ணுள்ள பெயின்ட் என்றாலும் நிழலில் ஒத்துப்போகும், வெயிலில் திட்டாகத் தெரியும். புது லாக்கரும் பழைய லாக்கரும் சேரும் கோடு நாளாக நாளாக மேலெழும்பும், அங்கிருந்து உரியவும் தொடங்கும். பிரேக் டிஸ்க்கை மூடாமல் ஸ்ப்ரே அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

டைமண்ட் கட் வீலுக்கு இந்த வழி கிடையாது. அந்த வட்டக் கோடுகளை உப்புத்தாளால் வரைய முடியாது. 'சார், பாலிஷ் போட்டு மேட்ச் பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

உரிக்கக்கூடிய ரப்பர் பெயின்ட் என்று ஒன்று இருக்கிறது. நிறம் மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு விளையாட்டு. பிடிக்காவிட்டால் தோல் மாதிரி உரித்துவிடலாம். ஆனால் மெல்லியதாக அடித்துவிட்டால் முழுசாக உரியாமல் துண்டு துண்டாக வரும். பெட்ரோல் பட்டால் கரையும். காயத்துக்கு மருந்து இல்லை.

## வழி 2: முழுசாக உரித்துப் பூசுவது

பவுடர் கோட்டிங்கில் பவுடரைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் வேலையின் ஆயுள் முடிவாவது பவுடர் தொடுவதற்கு முன்பே. பழைய பூச்சை முழுவதும் எடுத்தார்களா, எப்படி எடுத்தார்கள்? அலாய்க்கென்று உள்ள ரசாயனத்தில் ஊறவைத்து, பிறகு மெல்லிய மணலோ கண்ணாடி மணியோ கொண்டு பிளாஸ்டிங் செய்தால் சரி. காஸ்டிக் சோடா தொட்டி இரும்பு கேட்டுக்கு ஆகும். அலுமினியத்தைப் போட்டால் நுரைத்துக்கொண்டு உலோகத்தையே தின்னும். பழைய பெயின்ட்டின் மேலேயே லேசாகத் தேய்த்துப் பூசித் தருகிறவர்களும் உண்டு. அடியில் இருக்கும் துருப்பொடி புதுப் பூச்சுக்குக் கீழேயே வளரும். (அலுமினியத் துரு சிவப்பாக இருக்காது, வெள்ளைப் பொடி. அதனால்தான் பலர் அதைத் துரு என்றே நினைப்பதில்லை.)

சுத்தமான வீலைப் பவுடர் போடாமல் ஒருமுறை அடுப்பில் சுடவேண்டும். வார்ப்பு உலோகத்துக்குள் நுண்துளைகள் உண்டு; அவற்றில் அடைபட்ட காற்றும் எண்ணெயும் சூட்டில் வெளியேறும். இந்த முதல் சூட்டைத் தவிர்த்தால், பவுடர் உருகும் நேரம் பார்த்து அவை குமிழிவிட்டு, ஊசிக்குத்து போல் ஓட்டைகள் விழும். அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும்.

பிறகு மின்னேற்றிய பவுடரைத் தூவி, 180 முதல் 200 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம். பிரைமர், நிறம், கிளியர் என்று மூன்று பூச்சு போட்டால் மூன்று முறை அடுப்பு. ஒரு பூச்சு 60 முதல் 80 மைக்ரான் இருக்கும், சாதாரண நிறப் பெயின்ட்டைவிடப் பல மடங்கு தடிமன். கல் தெறித்தால் தாங்குவது அதனால்தான். சூடு பற்றி முன்னால் சொன்னது இங்கே வருகிறது: இந்த அளவுச் சூட்டில், அளவான நேரம் சுட்டால் பெரிய பயமில்லை. 'பழைய பெயின்ட்டை எரித்தே எடுத்துவிடுவோம்' என்கிற பட்டறைக்கு வீலைத் தராதீர்கள்.

ஒரு அனுபவம். நான்கு வீலுக்கும் கறுப்பு பவுடர் போட்டு வாங்கி வந்தேன், அத்தனை அழகு. இரண்டாம் நாள் திரும்பும்போது முன்பக்கம் 'டக்... டக்' என்று சத்தம். நிறுத்தி நட்டில் ஸ்பேனர் வைத்தால் அரைச் சுற்று சும்மா போகிறது. கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நட்டு உட்காரும் கூம்புக் குழியை மூடாமல் அங்கும் தடிமனாகப் பவுடர் போட்டிருக்கிறார்கள். நட்டு உலோகத்தின் மேல் உட்காராமல் பிளாஸ்டிக் போன்ற ஒரு தோலின் மேல் உட்கார்ந்து, அது நசுங்க நசுங்கத் தளர்ந்திருக்கிறது. குழிக்குள் கறுப்புத் தோல் மோதிரம் மாதிரி சுருண்டு கிடந்தது. அன்றிலிருந்து வீலைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: நட்டுக் குழி, ஹப்போடு (வண்டியில் வீல் பொருந்தும் நடுப்பகுதி) சேரும் பின்முகம், இரண்டிலும் பவுடர் படக் கூடாது. பட்டறைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை.

பவுடருக்குப் பதில் ஸ்ப்ரே பெயின்ட் முழுசாக அடிப்பதும் உண்டு. கம்பெனி நிறத்தை அச்சு அசலாகக் கொண்டுவர இதுதான் வசதி. பின்னால் ஒரு உரசல் விழுந்தால் வழி 1 போல அந்த இடத்தை மட்டும் சரிசெய்யவும் முடியும். பவுடர் போட்ட வீலில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டு கிடையாது. பழையபடி உரித்து, பழையபடி சுடவேண்டும். கல் நிறைந்த சாலையில் ஓடும் வண்டிக்குப் பவுடர், உரசிக்கொண்டே இருக்கும் ஊர்வண்டிக்குப் பெயின்ட் என்று நான் பிரித்துவைத்திருக்கிறேன்.

## வழி 3: மறுபடியும் டைமண்ட் கட்

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். வைரமுனை பொருத்திய உளியால், கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி லேத்தில் முகத்தை மெல்லியதாகச் சீவுவது, அவ்வளவுதான். மெஷின் முதலில் ஒரு ஊசியால் வீலின் வளைவுகளைத் தொட்டுத் தொட்டு அளந்துகொள்ளும், பிறகு அதே பாதையில் சீவும். சுருள் சுருளாக அலுமினியம் விழுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். விழுவது உங்கள் வீல்.

ஒவ்வொரு முறையும் மில்லிமீட்டரில் ஒரு பின்னம் போகிறது. உரசல் எவ்வளவு ஆழமோ அவ்வளவும் முகம் முழுவதும் சீவப்பட வேண்டும். ஆகவே இதை ஒன்றிரண்டு முறைக்கு மேல் செய்யக் கூடாது. பழைய வண்டி வாங்கியவருக்கு, முன்பு எத்தனை முறை சீவினார்கள் என்பதே தெரியாது. வீலில் சிறு பெண்டு இருந்தால் அதை எடுக்காமல் லேத்தில் ஏற்றக் கூடாது; ஏற்றினால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சீவும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அதன் பிறகு. சீவிய முகத்தில் நிறப் பெயின்ட்டோ பிரைமரோ கிடையாது. வெறும் உலோகம், மேலே கண்ணாடி லாக்கர். கூர்மையான விளிம்புகளில் லாக்கர் ஒதுங்கி மெலிந்துவிடும். அங்கே ஒரு கல் பட்டு, தண்ணீரும் உப்பும் இறங்கினால், லாக்கருக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிந்துபோனது போலத் தடங்கள் கிளம்பும். புழு ஓட ஆரம்பித்த பிறகு மேலே எது தடவினாலும் பயனில்லை. கடற்காற்று படும் இடத்திலும், பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளிலும் டைமண்ட் கட் வைத்திருப்பது, வெள்ளை வேட்டியோடு சேற்றில் நடப்பது மாதிரி.

வண்டி புதிது, வீல் இதுவரை சீவப்படாதது, ஒரே ஒரு வீலில்தான் காயம், மற்ற மூன்றும் மின்னுகின்றன என்றால் இந்த வழியில் போகலாம். இரண்டாம் முறையும் அதே பிரச்சினை வந்தால் பிடிவாதம் வேண்டாம். நான்கையும் வழி 2-க்குக் கொண்டுபோய் ஒரே நிறத்தில் பூசிவிடுங்கள். அந்த மின்னல் போய்விடும் என்பது உண்மை. புழுவும் போய்விடும்.

## வழி 4: மாற்றுவது

விரிசல், பெரிய பெண்டு, குரோம் உரிதல் இவற்றுக்கு இதுதான் வழி. புது ஒரிஜினல் வாங்கினால் யோசிக்க அதிகமில்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற மூன்றின் வெளுப்பு அப்போதுதான் கண்ணில் படும் என்பதைத் தவிர.

வேறு கம்பெனி வீல் என்றால் அளவுகள் பொருந்த வேண்டும். நட்டு வட்டம், அதாவது பிசிடி (நட்டுகளின் எண்ணிக்கை × அவை அமையும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்), 5×114.3 என்பது 5×112-ல் ஏறாது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று இறுக்கினால் நட்டு சாய்ந்து உட்காரும். ஆஃப்செட் எண் (வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்போடு சேரும் முகத்துக்கும் உள்ள தூரம்) மாறினால் சக்கரம் வெளியே துருத்தும் அல்லது உள்ளே சஸ்பென்ஷனில் உரசும். நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவளையம் போட வேண்டும், இல்லையென்றால் எத்தனை முறை பேலன்ஸிங் செய்தாலும் ஸ்டீயரிங் நடுங்கலாம். வீலின் முதுகில் வார்த்திருக்கும் சுமைத்திறன் எண்ணையும், ஜப்பானியத் தரக்குறியான 'ஜேடபிள்யூஎல்' போன்ற முத்திரையையும் தேடுங்கள். முத்திரையே இல்லாத மலிவு நகல் வீல்களை நான் என் வண்டிக்கு மாட்ட மாட்டேன்.

பழைய ஒரிஜினல் நல்ல பேரம்தான். ஆனால் புதுப் பெயின்ட் அடித்து விற்கப்படும் பழைய வீலைவிட, உரசலோடு அழுக்காகக் கிடக்கும் பழைய வீலை நான் நம்புவேன். அழுக்குக்குப் பின்னால் வெல்டு இருந்தால் துடைத்ததும் தெரிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே பொருந்தும் | எங்கே ஆகாது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| டச்-அப் | பெயின்ட் வீல், ஒன்றிரண்டு உரசல் | டைமண்ட் கட், குரோம், பெண்டு | நிறத் திட்டு. பின்னாளில் லாக்கர் உரிதல் |
| பவுடர் கோட்டிங் | பரவலான உரிதல், கரடுமுரடான சாலை, நீண்ட நாள் வைத்திருக்கும் வண்டி | விரிசல் உள்ள வீல் | டயர், வால்வு, பேலன்ஸிங். வண்டி நிற்கும் நாட்கள். பின்னால் ஒட்டு வேலை முடியாது |
| முழு ஸ்ப்ரே பெயின்ட் | கம்பெனி நிறம் வேண்டுவோர் | கல் தெறிக்கும் சாலை | மேற்கண்டவையே, ஒட்டு வேலை மட்டும் முடியும் |
| டைமண்ட் கட் | இதுவரை சீவாத வீல், ஒன்றில் மட்டும் காயம் | ஏற்கெனவே சீவியது, உப்புக்காற்று | போன உலோகம் திரும்பாது. சில வருடங்களில் மறுபடி புழு |
| மாற்றுவது | விரிசல், பெரிய பெண்டு | வெறும் உரசல் | இடைவளையம், நட்டு, நிற வேறுபாடு |

## வாங்கி வரும் நாளில்

பட்டறையிலேயே, டயர் மாட்டுவதற்கு முன் பாருங்கள். நட்டுக் குழியில் விரல் விட்டுத் தடவுங்கள். உலோகம் தட்டுப்பட வேண்டும். டயர் உட்காரும் உள்வளையம் சொரசொரப்பாக இருந்தால் காற்று கசியும், அங்கேயே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பேலன்ஸிங் எடையை வெளி விளிம்பில் அடித்து மாட்டாமல் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் புதுப் பூச்சில் முதல் காயம் அதே கடையில் விழும்.

முதல் சில வாரங்களுக்கு வெறும் தண்ணீரும் கார் ஷாம்பூவும் போதும். அமிலம் கலந்த வீல் கிளீனர் அப்போதும் வேண்டாம், எப்போதும் வேண்டாம். ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறிய பிறகு, வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) ஒவ்வொரு நட்டையும் மறுபடி இறுக்குங்கள். ஏதாவது ஒரு நட்டு கணிசமாகத் திரும்பினால் அந்த வீலைக் கழற்றிக் குழியைப் பாருங்கள். உள்ளே மோதிரம் மாதிரி சுருண்ட தோல் இருந்தால், அதையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.